குளியலறைச் சுவரில் ஒரு தாவரவியல் துறை

பெருமதிப்பிற்குரிய தாவரவியல் துறைத் தலைவர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிர்த் தெருவில், பச்சைக் கதவு போட்ட வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் நலம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், துறையிலுள்ள செடி கொடிகளும் நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. செடி கொடிகளைப் பற்றிப் பின்னால் தனியாகப் பேச வேண்டியிருப்பதால், இப்போதைக்குத் தங்கள் குடும்பத்தாரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் தங்கள் அறைக்கு வந்து நேரில் ஒரு புகார் சொன்னேன். தாங்கள் அதை அப்படியே ஒத்துக்கொண்டீர்கள். அதனால்தான் இப்போது எழுத்தில் புகார் செய்ய வேண்டியதாகிவிட்டது. தங்களுக்கு நினைவிருக்காது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டு மாடி அறையில், தங்கள் துறையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். விடுதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு பெட்டி, ஒரு படுக்கை, இரண்டு மரச்சட்டங்களை வாரால் இறுக்கிக் கட்டிய ஏதோ ஒன்று, இவற்றோடு வந்து நின்றாள். அது என்ன என்று கேட்டதற்கு, செடிகளை அமுக்கி உலர்த்துகிற பலகை என்றாள். செடியை எதற்கம்மா அமுக்க வேண்டும், அது உன்னை என்ன செய்தது என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் மனைவி, "அமைதியான பொண்ணாத் தெரியுது, குடுத்துடுங்க" என்றாள். அமைதிதான், நான் மறுக்கவில்லை. என் பணிக்காலம் முழுக்கப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கூச்சல் போடும் மாணவர்களைப் பார்த்தவன் நான். சத்தம் போடுகிறவனை அடக்கிவிடலாம். சத்தமே போடாமல் ஒரு வீட்டைப் பிடித்துக்கொள்கிறவர்களை என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

முதலில் போனது செய்தித்தாள். பழைய தாள் இருக்கிறதா என்று கேட்டாள், பரணிலிருந்து ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன். செடியைத் தாள்களுக்கு நடுவில் வைத்தால் அதன் ஈரத்தைத் தாள் குடித்துவிடும், ஆகவே தினமும் தாள் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்று விளக்கினாள். நல்லது, படிக்கிற பிள்ளை. பரணில் இருந்தது தீர்ந்தது. அதன் பிறகு காலையில் நான் நாற்காலியில் உட்கார்ந்தால் மாடிப்படியில் வந்து நிற்பாள். "அங்கிள், படிச்சாச்சா?" என்பாள். "இப்பத்தானம்மா பிரிச்சேன்" என்பேன். "பரவாயில்ல, மெதுவாப் படிங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பாள். ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மனிதனால் தலையங்கம் படிக்க முடியும்? கொடுத்துவிடுவேன். நாலைந்து நாள் கழித்து அந்தத் தாள் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்போது போய் நின்றுகொண்டு படிப்பேன். நாட்டு நடப்புகள் எல்லாமே எனக்கு இலைக்கறையோடுதான் தெரியவந்தன. ஒருமுறை ஒரு மந்திரியின் முகம் முழுக்க ஏதோ கீரையின் வடிவம் பதிந்திருந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது.

அடுத்து, பலகையின் மேல் பாரம் வைக்க வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் பாரமான பொருள் என் மனைவியின் தையல் இயந்திரம்தான். அவள் தெருவுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுக்கிறவள். இயந்திரத்தின் தலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் தையல் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் பாவாடை என்னாயிற்று என்று கேட்டு வந்தபோது, "மிஷினுக்கு அடியில படிப்பு நடக்குது, முடிஞ்சதும் தரேன்" என்று பதில் சொல்லி அனுப்பினாள். இதே மனைவிதான், மிஷின் பெட்டி மேல் நான் காப்பித் தம்ளர் வைத்ததற்கு அரை நாள் பேசாமல் இருந்தவள்.

பிறகு வெங்காயம். கண்ணாடிப் புட்டிகளில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு புட்டியின் வாயிலும் ஒரு வெங்காயத்தை அடிப்பாகம் மட்டும் நனையும்படி உட்காரவைத்து, ஜன்னல் ஓரம் முழுக்க வரிசையாக அடுக்கிவிட்டாள். சில நாளில் எல்லாவற்றுக்கும் வெள்ளைத் தாடி முளைத்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவளுக்கு வெங்காயப் பொண்ணு என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கணக்காளர், "என்ன சார், உங்க வீட்ல எல்லாருக்கும் தாடி வளருது, உங்களுக்கு மட்டும் தலைல கூட இல்ல" என்றார். எனக்கு இது தேவையா? அவளிடம் கேட்டேன். வேர் நுனியில்தான் உயிரணுக்கள் இரண்டு இரண்டாகப் பிரியுமாம், காலை வேளையில்தான் நன்றாகப் பிரியுமாம், அப்போது நுனியை வெட்டிச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கிப் பார்த்தால் தெரியுமாம். "தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். "மைக்ரோஸ்கோப் ரூம் பூட்டியிருந்துச்சு அங்கிள். சாவி ஹெச்சோடி சார்கிட்ட இருக்கு. சார் வரலை" என்றாள். ஹெச்சோடி என்பது தாங்கள்தானாம். மறுநாள் கேட்டேன். சார் வந்தாராம், சாவியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாராம். அதற்கு மறுநாள், சாவியோடு வந்த சார் கூட்டத்துக்குப் போய்விட்டாராம். வெங்காயங்களை என் மனைவி சமைத்துவிட்டாள். "வேருதான் அவளுக்கு, மிச்சம் நமக்கு" என்று கணக்குத் தீர்த்தாள். நான் சாப்பிட்டேன். அறிவியலால் என் வீட்டுக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் புகார் இல்லை ஐயா, முன்னுரை. புகார் இனிமேல்தான்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் குளியலறை இருக்கிறது. மேலே பாதிக்குக் கூரை, மீதி திறந்தவெளி. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒரு மூட்டில் கசிந்து, அந்தப் பக்கத்துச் சுவர் எப்போதும் ஈரம். ஈரச் சுவரில் பாசி பிடித்துவிட்டது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். குழாய்க்காரரை வரச்சொன்னேன். அவர் ஏணி போட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பெண் மாடியிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, இறங்குங்க. அந்தக் குழாயைச் சரி பண்ணாதீங்க."

குழாய்க்காரர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவர் சொன்னார்: "பாப்பா, ஒழுகுது ஒழுகுதுன்னு அழுது கூப்பிட்டவங்களைத்தான் நான் பாத்திருக்கேன். ஒழுகட்டும்னு ஏணியைப் பிடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன். ஒரு முடிவுக்கு வாங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன்."

போனவர் வரவில்லை. அந்தப் பாசிதான் அவளுடைய ஆய்வேட்டுக்கான தலைப்பாம். சுவரில் ஈரம் குறைந்தால் அது சுருண்டு கறுத்துச் செத்தது போலக் கிடக்குமாம், தண்ணீர் பட்டதும் கண்முன்னே விரிந்து பச்சையாகிவிடுமாம். எத்தனை முறை செத்துப் பிழைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். இந்தப் பருவம் முடியும் வரைக்கும் குழாய் இப்போது ஒழுகுகிற மாதிரியே ஒழுக வேண்டுமாம், கூடவும் கூடாதாம், குறையவும் கூடாதாம். எந்த வீட்டுக்காரனிடமாவது யாராவது இப்படிக் கேட்டிருப்பார்களா?

நான் பதில் சொல்வதற்குள் சுவர் அவள் கைக்குப் போய்விட்டது. மறுநாள் பார்த்தால் ஆணி அடித்து, என் மனைவியின் சிவப்பு நூலால் சுவர் முழுக்கக் கட்டம் கட்டியிருந்தது. ஊசியில் நூல் கோக்க மனைவி வைத்திருந்த பூதக்கண்ணாடியும் அங்கேயே ஒரு ஆணியில் தொங்கியது. சோப்பு நுரை பட்டால் பாசி செத்துவிடுமாம், ஆகவே நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று குளிக்க வேண்டும். கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை. வாளியை வாசல் பக்கம் நகர்த்திவிட்டார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உள்ள போங்க" என்று வாழ்நாள் முழுக்க ஊராரை நெருக்கியவன் நான். இப்போது என் சொந்தக் குளியலறையில் ஒரு பாசிக்கு வழிவிட்டு ஒண்டிக்கொண்டு நிற்கிறேன்.

"ஏன்டி, இந்த வீடு யாரோடது?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உங்களோடதுதான். சுவரைத் தொடாம வெளிய வாங்க" என்றாள்.

ஒருநாள் என் மனைவிதான் அவளிடம் கேட்டாள், இத்தனை பெரிய பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு எங்கள் குளியலறைக்கு ஏன் வந்தாய் என்று. அவள் புகார் சொல்கிற பெண் இல்லை. துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. முதலாண்டில் அவள் எடுத்த தலைப்பே வேறு. தங்கள் துறைக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடந்த மண்ணில் தானாக முளைக்கும் களைச்செடிகளை, எது முதலில் வருகிறது, எது எதை நெருக்குகிறது என்று குச்சி நட்டு, அட்டை கட்டி, வெயிலில் உட்கார்ந்து பார்த்துவந்தாள். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் செடியும் இல்லை, குச்சியும் இல்லை. யாரோ பெரிய மனிதர் துறையைப் பார்வையிட வருகிறார் என்று தாங்கள் உத்தரவிட, எல்லாவற்றையும் மழித்து, மேலே பச்சை விரிப்பு விரித்திருந்தார்கள். தாழ்வாரம் நெடுக வைத்த தொட்டிகளில் பிளாஸ்டிக் செடிகள். நெறியாளரிடம் போய் நின்றிருக்கிறாள். அவர், "வேற ஏதாவது தலைப்பு பாத்துக்கம்மா, நான் கையெழுத்து போடறேன்" என்று சொல்லிவிட்டாராம். நல்ல மனிதர்தான், கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் அவரிடம் இல்லை போலிருக்கிறது.

"இந்த வருசம் போச்சுன்னா வீட்ல மறுபடி அனுப்ப மாட்டாங்க ஆன்ட்டி" என்றாளாம். அவள் அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். புதிய தலைப்பை இந்த மாதத்துக்குள் தாங்கள் ஏற்றுக்கொண்டால் அவள் தேர்வு எழுதலாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

இதைக் கேட்டு நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அது அவர்கள் பாடு, சுவர் என் பாடு என்றுதான் சொன்னேன். கொத்தனாரும் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, இப்படியே விட்டால் பூச்சு உதிர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் தங்களிடம் வந்தேன். வெள்ளையடிக்கும் ஆளையும் அன்றைக்கே வரச்சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். தங்கள் துறையில் இந்தப் பெண்ணுக்கு ஈரமான சுவர் ஒன்று ஒதுக்குங்கள், என் குளியலறையை எனக்குத் திருப்பிக் கொடுங்கள், இவ்வளவுதான் என் கோரிக்கை.

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஒரு தொட்டியில் அகலமான இலையோடு செடி நின்றது. வீட்டில் தாவரவியல் நடந்து நடந்து எனக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது, இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. தங்கள் உதவியாளர் ஓடிவந்தார். "ஐயா, தொடாதீங்க, இப்பத்தான் துடைச்சேன்."

"இதுக்குத் தண்ணி ஊத்துவீங்களாப்பா?"

"போன மாசம் வரைக்கும் ஊத்தினோம். அப்புறம்தான் சொன்னாங்க."

உள்ளே விட்டார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். தாங்கள் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பொண்ணு?" என்பது. அவள் பெயரைச் சொன்னேன். அடையாளமும் சொன்னேன். தங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாகத் தங்கள் துறையில் படிக்கிறாள் ஐயா. என் வண்டியில் தினமும் ஏறுகிறவன் எந்த நிறுத்தத்தில் ஏறி எங்கே இறங்குவான் என்று எனக்குத் தெரியும், ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் கேட்பேன். அத்தனை ஆயிரம் பேரில் எனக்குத் தெரிந்தது, முதுகலைக்கு மொத்தமாக ஒரு வேன் கொள்கிற பிள்ளைகளை வைத்திருக்கும் தங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு சுவரைப் பற்றிச் சொன்னேன். தாங்கள் சிரித்தீர்கள். "பாசியா? பெரியவரே, சுரண்டிப் போட்டுட்டு வெள்ளையடிங்க. உங்க வீடு, உங்க சுவரு. இதுக்கெல்லாமா பயப்படுவாங்க? பாத்ரூம் சுவரெல்லாம் ஒரு ஆராய்ச்சியா, அந்தத் தலைப்பை நான் ஏத்துக்கவே போறதில்ல" என்றீர்கள். எழுந்து கையும் கொடுத்தீர்கள்.

நான் கேட்டுவந்ததற்கு மேலேயே கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் வெளியே வந்திருக்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் செடி வரிசையைத் தாண்டுவதற்குள் எனக்குக் கால் கூசியது. பயணியின் மேல் புகார் சொல்லப் போனால், டிப்போ மேலாளர் அந்தப் பயணியை ஓடுகிற வண்டியிலிருந்து தள்ளிவிடச் சொன்ன மாதிரி இருந்தது. நான் அவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். என் பேப்பர், என் வாளி, என் சுவர், எனக்கு உரிமை இருக்கிறது. தங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? தங்கள் துறைக்காக ஒரு இலையாவது உருப்படியாகக் காய்ந்திருக்கிறது என்றால் அது என் மனைவியின் மிஷினுக்கு அடியில் காய்ந்தது. பூட்டிய மைக்ரோஸ்கோப்புக்குப் பதில் வேலை செய்வது எங்கள் வீட்டுப் பூதக்கண்ணாடி. உயிரோடு இருக்கும் பச்சையை மழித்துவிட்டுப் பொம்மைக்குத் தண்ணீர் ஊற்றிய துறை, என் சுவரைப் பார்த்து இது ஆராய்ச்சியா என்று கேட்கிறது.

வீட்டுக்கு வந்தால் வெள்ளையடிக்கும் ஆள் சுரண்டியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். குளியலறையில் என் மனைவி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு சட்டையில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா எந்திரிக்க மாட்டேங்கறாங்க சார்" என்றார் அவர்.

"அடிக்கிறதுன்னா என்னையும் சேத்து அடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரும் உன்னை எந்திரிக்கச் சொல்லல. கொஞ்சம் நகர்ந்து உக்காரு, அவரு ஓரம் பாத்து அடிக்கட்டும்" என்றேன்.

மற்ற சுவர்களெல்லாம் வெள்ளை. அந்தச் சுவரில் மட்டும், சிவப்பு நூல் கட்டிய இடத்தைச் சுற்றி ஒரு கதவளவு பச்சை. வெள்ளையடித்தவர் ஓரத்தை நேராகப் பிடித்து, படத்துக்குச் சட்டம் போட்டது போல முடித்திருந்தார். பெண் வகுப்பிலிருந்து வந்து பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று பக்கத்தில் போய் நின்றேன். "அங்கிள், சுண்ணாம்புத் தண்ணி இதுமேல வழிஞ்சா எல்லாம் போச்சு. மேல ஒரு கோணி கட்டணும்" என்றாள். கோணி தேடிக் கட்டினேன். தாங்கள் சொன்ன பதிலை அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வதாவது: தாங்கள் ஒருமுறை நேரில் வந்து இந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். பின்வாசலிலிருந்து பொடிநடைதான். பார்த்துவிட்டு, இது ஆராய்ச்சி இல்லை என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை இந்தப் புகார் நிலுவையில் இருக்கிறது என்று கொள்ளவும். மைக்ரோஸ்கோப் அறைச் சாவியையும் கையோடு கொண்டுவந்தால் இரண்டாவது நடை மிச்சம்.

தங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசியையும் சொல்லவும். அவர்கள் எங்கே படித்தாலும் கதவு திறந்திருக்கிற இடமாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் துறைக்கு இடம் கொடுத்திருக்கும்
ஓய்வுபெற்ற நடத்துநர்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் நேரத்தில் அந்தப் பெண் கீழே வந்தாள். யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். மறைக்கத் தெரியவில்லை, கொடுத்துவிட்டேன். தாங்கள் சொன்ன பதிலை இதில்தான் அவள் முதன்முதலாகப் படித்தாள். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அதை அவள் தொடவில்லை. பிறகு சொன்னாள்: "கைடு கையெழுத்து வாங்கிட்டேன் அங்கிள். வெளியிடத்துல ஆய்வு பண்ணணும்னா, இடத்துக்காரங்க சம்மதம்னு எழுதித் தரணும். அது இருந்தா இடம் சரியில்லன்னு சார் தள்ள முடியாது. அதைத்தான் உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்."

எனவே, மேலே கண்ட புகார்கள் அனைத்தையும் நான் திரும்பப் பெறுகிறேன். செய்தித்தாள், தையல் இயந்திரம், வெங்காயம், குளியல் எதைப் பற்றியும் எனக்கு யார் மேலும் எந்தக் குறையும் இல்லை. என் வீட்டுக் குளியலறைச் சுவரை அவளுடைய ஆய்வுக்காக முழுமனதோடு ஒப்படைக்கிறேன். அவள் போதும் என்று சொல்லும்வரை என் குழாய் ஒழுகும். இதையே வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமாக ஏற்றுக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சம்மதக் கடிதத்தில் இவ்வளவு சங்கதி எதற்கு, இதைப் படித்துக் கையெழுத்துப் போடப் போகிறவர் துறைத் தலைவர்தானே, இதைக் கிழித்துவிட்டு மரியாதையாக நாலு வரி எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். பேனாவைக் கேட்டாள். முதலிலிருந்து மறுபடி ஒருமுறை நிதானமாகப் படித்தாள். சுவரில் பாசி பூத்திருந்தது என்று நான் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் அடித்தாள். பாசி பூக்காதாம்.

"மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு, அனுப்பிடுங்க" என்றாள்.